ஒரு பங்குக் கோயிலின் ஆயிரம் ஆண்டுகள்: பார்டன் புனித பேதுரு ஆலயமும் சுவர்களை வாசிக்கும் கலையும்



இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டடக்கலை என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருபவை பேராலயங்கள். டர்ஹாம், சாலிஸ்பரி, யார்க், கேன்டர்பரி. பாடநூல்களும் பெரும்பாலும் அவற்றோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் பெருமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் பேராலயத்தைக் கட்டியவர்களுக்குப் பின்னால் ஆயரின் அதிகாரமும் பெரும் நிலவருவாயும் இருந்தன. சாலிஸ்பரியின் முதன்மைக் கட்டடம் 1220-இல் தொடங்கி 1258-க்குள் ஏறக்குறைய ஒரே திட்டத்தில் எழுந்தது. ஊர்க் கோயில் அப்படி எழுவதில்லை. விளைச்சல் நன்றாக இருந்த தலைமுறையில் ஒரு பக்கக்கூடம் சேரும். கம்பளி விலை ஏறிய காலத்தில் கோபுரம் உயரும். கொள்ளைநோய் வந்தால் வேலை பாதியில் நிற்கும். ஆகவே ‘இதை எப்போது கட்டினார்கள்?’ என்ற கேள்வியோடு ஓர் ஊர்க் கோயிலுக்குள் நுழைபவர் தவறான கேள்வியோடு நுழைகிறார். ‘இந்தச் சுவர் எப்போது? அதற்கு மேலுள்ள சுவர் எப்போது? இரண்டும் சந்திக்கும் இடத்தில் எது எதன்மேல் ஏறியிருக்கிறது?’ என்றுதான் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்கும் முறை எங்கே தொடங்கியது என்று தேடினால், அது நம்மை ஒரு குறிப்பிட்ட கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கிழக்கு இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் வட எல்லையில், ஹம்பர் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் சிற்றூர் பார்டன். 1981-இல் திறக்கப்பட்ட ஹம்பர் தொங்குபாலம் இந்த ஊருக்கு அருகில்தான் தென்கரையைத் தொடுகிறது. அவ்வூரின் புனித பேதுரு ஆலயமே இன்றைய உரையின் பொருள். பங்கு மக்களின் வழிபாட்டுக்கென நின்ற கோயில் என்பதால் நம் கத்தோலிக்க வழக்கை ஒட்டிப் பங்குக் கோயில் என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் கோபுரத்தைப் பார்ப்போம். இது ஆலயத்தின் மேற்குப் பகுதியில் நிற்கிறது. மூன்று அடுக்குகள். கீழ்ப்பகுதியின் வெளிச்சுவரில் ஒடுக்கமான கற்பட்டைகள் செங்குத்தாக மேலேறுகின்றன. கீழ்வரிசையில் அந்தப் பட்டைகள் அரைவட்ட வளைவுகளால் இணைகின்றன. அதற்கு மேல்வரிசையில் இரண்டு சாய்கற்கள் ஒன்றையொன்று சாய்ந்து தாங்கும் முக்கோணத் தலைகள். தெற்கு வாசலுக்கு வட்டவளைவு, வடக்கு வாசலுக்கு முக்கோணத் தலை. இரட்டைச் சன்னல்களின் நடுவே, கடைந்த மரத்தூணைப் போலப் புடைத்த குட்டையான கல்தூண்கள் சுவரின் கனத்துக்கு நடுவில் நிற்கின்றன. மூலைகளில் ஒரு நெட்டுக்கல், அதன்மேல் ஒரு படுக்கைக்கல், மீண்டும் நெட்டுக்கல் என மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கண்ணை இன்னும் மேலே கொண்டுபோனால் மூன்றாம் அடுக்கில் இவையெல்லாம் நின்றுவிடுகின்றன. பட்டைகள் இல்லை, சுவர் வெறுமையாக, கட்டும் முறையே வேறாக இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பொருளுள்ளதாகக் கண்டவர் தாமஸ் ரிக்மன். 1776-இல் பிறந்தவர், குவேக்கர் குடும்பத்தவர். தந்தையிடம் மருத்துவம் பயின்று, அதை விட்டு வணிகத்தில் இறங்கி, அதிலும் நொடித்துப்போய், லிவர்பூலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கு எழுதினார். இளம் மனைவியை இழந்த துயரத்தில் நெடுந்தூரம் நடக்கத் தொடங்கியவர், வழியில் தென்பட்ட கோயில்களுக்குள் நுழைந்து சன்னல்களையும் தூண்தலைகளையும் வரைந்து குறித்துக்கொண்டார். கட்டடக்கலையை யாரிடமும் முறையாகப் பயிலாத இந்த மனிதர் 1817-இல் வெளியிட்ட நூல்தான் ஆங்கில இடைக்காலக் கட்டடங்களை நார்மன் பாணி, முற்கால ஆங்கிலப் பாணி, அலங்காரப் பாணி, செங்குத்துப் பாணி என்று பிரித்தது. இன்றும் இங்கிலாந்தின் எந்தக் கோயிலின் வழிகாட்டி ஏட்டைப் புரட்டினாலும் இந்த நான்கு பெயர்களும் இருக்கும். கனத்த சுவரும் வட்டவளைவும் நார்மன். ஒடுங்கிய கூர்வளைவுச் சன்னல்கள் முற்கால ஆங்கிலம். சன்னலின் மேற்பகுதியில் கல் கொடிகளாக நெளிந்தால் அலங்காரம். அந்தக் கல் நேர்கோடுகளாக விறைத்து மேலேறினால் செங்குத்து. இத்தனை எளிய அளவுகோல் அதுவரை யார் கையிலும் இருக்கவில்லை.

ஆனால் அந்த நான்கு பாணிகளைவிட அவருடைய வேறொரு கண்டுபிடிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். 18-ஆம் நூற்றாண்டின் பழம்பொருள் ஆர்வலர்கள் வட்டவளைவு எதைக் கண்டாலும் ‘சாக்சன்’ என்று எழுதிவிடுவார்கள். 1066-இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றதற்கு முன்பு கட்டியது எது, பின்பு கட்டியது எது என்று பிரிக்க வழியில்லாமல் இருந்தது. கட்டியவர் பெயரோ ஆண்டோ பொறித்த கல் கிடைப்பது மிக அரிது. ரிக்மன் பார்டன் கோபுரத்தை வைத்து 1819-இல் முன்வைத்த வாதம் ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கக்கூடியது: மேலடுக்கு தொடக்ககால நார்மன் பாணியில் இருக்கிறது. மேலே இருப்பதைக் கட்டுவதற்கு முன்பே கீழே இருப்பது நின்றிருக்க வேண்டும். கீழடுக்குகள் வேறொரு பாணியில், வேறு கையால் கட்டப்பட்டிருக்கின்றன. எனவே அவை நார்மன் வெற்றிக்கு முந்தியவை. இந்த ஒரு கோபுரத்தில் அது நிலைநாட்டப்பட்டவுடன் கற்பட்டை, முக்கோணத் தலை, நெட்டுக்கல்–படுக்கைக்கல் மூலை, புடைத்த நடுத்தூண் ஆகியவை ஆங்கிலோ–சாக்சன் காலத்தின் அடையாளங்களாயின. அவற்றைக் கொண்டு நார்தாம்ப்டன்ஷயரின் ஏர்ல்ஸ் பார்டன், இன்று கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள பார்னக் போன்ற கோபுரங்களையும் அதே காலத்தவை என்று சொல்ல முடிந்தது.

நிலவியலாளர்கள் பாறை அடுக்குகளை வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு கணக்கர் அதே தர்க்கத்தைச் சுவரில் கண்டார். எந்த ஆவணமும் கையில் இல்லாமல், கட்டடத்தையே சாட்சியாக நிறுத்தி விசாரித்த முறை அது. என் கணக்கில் கட்டடத் தொல்லியல் என்ற துறை அந்த ஆண்டில் அந்தக் கோபுரத்தில்தான் பிறந்தது.

ரிக்மனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் பார்த்தது ஒரு கோயிலின் கோபுரத்தை என்று அவர் நினைத்தார். உண்மையில் அந்தக் கோபுரமே கோயில். ஏறக்குறைய ஆயிரமாம் ஆண்டை ஒட்டி இது எழுந்தபோது மூன்றே பகுதிகள்தான் இருந்தன: நடுவில் கோபுரம், அதன் கிழக்கே பலிபீடத்துக்கான சிறிய அறை, மேற்கே திருமுழுக்கு அறை. கோபுரத்தின் தரைத்தளமே மக்கள் நின்று வழிபட்ட கூடம். சில பத்துப் பேருக்கு மேல் அங்கே நிற்க முடியாது. கிழக்கு அறைக்குப் போகும் வளைவுக்கு மேலே ஒரு கற்பலகையில் முகம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அது கிறிஸ்துவின் முகம் என்றும், உடலின் எஞ்சிய பகுதி வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்கு அறையில் சிறிய வட்டச் சன்னல்கள் இன்றும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர்கள் மேல் விழுந்த வெளிச்சம் அந்த வட்டங்கள் வழியாகத்தான் வந்தது.

இவ்வளவு சிறிய கோயிலை யாருக்காகக் கட்டினார்கள்? ஆங்கிலோ–சாக்சன் காலத்தின் கடைசி நூற்றாண்டில் நிலக்கிழார் ஒருவர் தம் மாளிகைக்கு அருகே தமக்கும் தம் குடிகளுக்குமாக ஒரு கோயில் எழுப்புவது வழக்கமாகியிருந்தது. இங்கிலாந்தின் பங்குக் கோயில்களில் பல அப்படித் தனியார் கோயில்களாகத் தொடங்கியவை. பார்டன் வெறும் கிராமமும் அன்று. 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கில் இவ்வூர் ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்த கில்பர்ட் டி காண்ட் என்பவரின் உடைமையாகப் பதிவாகியிருக்கிறது. கோயிலும் குருவும், இரண்டு ஆலைகளும், ஒரு சந்தையும், ஒரு படகுத்துறையும் இருந்ததாக அந்தக் கணக்கு சொல்கிறது. ஹம்பரைக் கடக்கும் மக்களும் சரக்கும் வந்துபோன ஊர். மக்கள் பெருகப் பெருகக் கோபுரத்தின் தரைத்தளம் போதாமல் போனது இயல்பு.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்மன் வெற்றியை ஒட்டிய ஆண்டுகளில் கோபுரத்தின் மேல் மூன்றாம் அடுக்கு ஏறியது. கிழக்கேயிருந்த சிறு அறை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் நீண்ட நடுக்கூடம் வந்தது. கோபுரம் கூடம் என்ற தகுதியை இழந்து கோபுரமாக மட்டும் ஆனது. 13-ஆம், 14-ஆம் நூற்றாண்டுகளில் தெற்கிலும் வடக்கிலும் அகன்ற பக்கக்கூடங்கள் வந்தன. பின்னர் நடுக்கூடத்தின் சுவர் உயர்த்தப்பட்டு மேல்வரிசைச் சன்னல்கள் திறக்கப்பட்டன. பீடப்பகுதியும் புதிதாக எழுந்தது. 1086-இல் ஏறக்குறைய 20 இலட்சம் என மதிப்பிடப்படும் இங்கிலாந்தின் மக்கள்தொகை 1300-க்குள் அதைப்போல் இரு மடங்கைத் தாண்டியது என்பதை நினைவில் வைத்தால் இந்த வளர்ச்சிக்குத் தனியே விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் எப்படி வளர்ந்தது என்பதை நின்று பார்க்க வேண்டும். ஒரு கோயிலுக்குப் பக்கக்கூடம் சேர்ப்பதென்றால் பழைய சுவரை முழுதும் இடித்துவிட்டுத் தூண்வரிசை நிறுத்துவார்கள் என்று நாம் எண்ணுவோம். கொத்தர்கள் அப்படிச் செய்தால் கூரையையும் இறக்க வேண்டும். அன்றாடப் பூசையும் நின்றுபோகும். அதனால் முதலில் பழைய சுவருக்கு வெளியே சற்றுத் தள்ளிப் புதிய வெளிச்சுவரை எழுப்பி, இடையில் கூரை போட்டுவிடுவார்கள். பிறகு பழைய சுவருக்கு முட்டுக்கொடுத்து, அதில் ஓரிடத்தில் துளைத்து ஒரு தூணை நிறுத்துவார்கள். அடுத்த இடத்தில் துளைத்து அடுத்த தூண். இரண்டுக்கும் நடுவே வளைவை அமைத்தபின் வளைவுக்குக் கீழே எஞ்சிய சுவரை எடுத்துவிடுவார்கள். வளைவுக்கு மேலே இருந்த சுவரை யாரும் தொடுவதில்லை. அது கூரையைத் தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும்.

இதனால் ஒரு வியப்பான நிலை உண்டாகிறது. இத்தகைய கோயில்களில் மிகப் பழைய சுவர் தரையில் இருக்காது. பிற்கால வளைவுகளின் தோள்மேல், தலைக்கு மேலே இருக்கும். நார்தாம்ப்டன்ஷயரின் கெடிங்டன் ஊர்க் கோயிலில் இதைக் கண்ணாரக் காணலாம். பக்கக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வளைவுகளுக்கு மேலே சாக்சன் காலத்து முக்கோண அலங்கார வரிசை தெரிகிறது. ஒரு காலத்தில் மழையும் வெயிலும் பட்ட வெளிச்சுவரின் அலங்காரம் அது. பின்னால் வந்த கூடம் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்ற ரிக்மனின் விதி இங்கே தலைகீழாகத் தோன்றும். உண்மையில் விதி மாறவில்லை. பழைய சுவரை வெட்டிச் செருகிய வளைவு, வெட்டப்பட்ட சுவரைவிடப் பிந்தியது. ‘எது எதை வெட்டுகிறது’ என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த விதி முழுமை பெறுகிறது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் பாணியைப் பற்றி நூறு பக்கம் எழுதிவிட்டுச் செலவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பங்குக் கோயிலின் உருவத்தைப் பாணியைவிட ஒரு சட்டம்தான் அதிகம் தீர்மானித்தது என்பேன். 13-ஆம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றுவிட்ட அந்த வழக்கப்படி, பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது தசமபாகத்தைப் பெறுபவரின் கடமை. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பராமரிப்பது பங்கு மக்களின் கடமை. ஒரே கூரைவரிசையின் கீழ் இரண்டு பணப்பைகள். பல ஊர்களில் தசமபாகம் ஏதோ தொலைதூர மடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்டன் புனித பேதுரு கோயிலின் வருவாய் கில்பர்ட் குடும்பத்தின் கொடையால் பார்ட்னி மடத்துக்குச் சேர்ந்தது. மடங்களுக்கு அப்படிப்பட்ட ஊர்க் கோயில்கள் பல. அவற்றின் பீடப்பகுதிக்குச் செலவிட அவை முந்துவதில்லை. மக்களோ தங்கள் கூடத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை உயர்த்தி, அகட்டி, சன்னல் வைத்து அழகுபடுத்தினார்கள். உயர்ந்து ஒளிரும் நடுக்கூடமும், அதன் கிழக்கே தாழ்ந்து ஒடுங்கிய பழைய பீடப்பகுதியுமாக எத்தனையோ கோயில்கள் இன்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சட்டம் செத்துப்போன பழங்கதை என்று எண்ண வேண்டாம். மடங்கள் 1530-களில் கலைக்கப்பட்டு அவற்றின் நிலங்கள் கைமாறியபோது, பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் நிலத்தோடு சேர்ந்து கைமாறியது. வாரிக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோ ஊரில் ஒரு பண்ணை நிலத்தின் உரிமையாளர்கள் ஊர்க் கோயிலின் பீடப்பகுதிக்கான பழுதுச் செலவைக் கொடுத்தாக வேண்டும் என்று 2003-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அத்தகைய பொறுப்புகள் நிலப்பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பதற்காக 2013 அக்டோபர் வரை கெடு வைக்க வேண்டியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் பணப்பிரிவினை 21-ஆம் நூற்றாண்டின் நீதிமன்றத்தில் வந்து நின்றிருக்கிறது.

மக்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஓர் ஒப்பந்தத்தைக் காட்ட விரும்புகிறேன். சஃபக் கடற்கரையில் வால்பர்ஸ்விக் என்ற மீனவர் ஊர். 1426-இல் அவ்வூர் மக்கள் தங்கள் கோயிலுக்குக் கோபுரம் கட்டுவதற்கு டன்விச்சைச் சேர்ந்த ரிச்சர்ட் ரஸ்ஸல், பிளைத்பரோவைச் சேர்ந்த ஆதம் பவுல் என்ற இரண்டு கொத்தர்களோடு உடன்படிக்கை எழுதினார்கள். அதில் வரைபடம் எதுவும் இல்லை. கோபுரம் டன்ஸ்டால் ஊர்க் கோபுரத்தைப் போல் இருக்க வேண்டும். மேற்கு வாசலும் சன்னல்களும் ஹேல்ஸ்வொர்த் கோயிலில் உள்ளவற்றைப் போல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு கெஜம் உயரத்துக்கும் 40 ஷில்லிங் கூலி. ஆண்டுதோறும் ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன். கல் வைக்கும் வேலை மார்ச்சு மாதத்து மங்கள வார்த்தைத் திருநாளுக்கும் செப்டம்பர் மாதத்து மிக்கேல் சம்மனசு திருநாளுக்கும் இடையில் மட்டும். குளிர்காலத்தில் உறைபனி சுண்ணாம்புச் சாந்தைக் கெடுத்துவிடும் என்பதும், ஒரே ஆண்டில் மிக உயர ஏற்றினால் சாந்து இறுகுவதற்குள் பாரம் அழுத்திவிடும் என்பதும் அன்றைய கொத்தர்கள் அறிந்தவை. கோபுரங்களில் ஆண்டுக்காண்டு வேலை நின்ற வரிகளைப் பழகிய கண் அடையாளம் காண்பதற்கு இதுவே காரணம்.

இந்த ஒப்பந்தம் எனக்கு மிகப் பிடித்தமானது. பாணி எப்படிப் பரவியது என்று பெரிய கோட்பாடுகளைச் சொல்லத் தேவையில்லாமல் அது காட்டிவிடுகிறது. பக்கத்து ஊர்க் கோபுரத்தைப் பார்த்தவர்கள், அதைப்போல் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அந்த உடன்படிக்கையில் ஆயரும் இல்லை, அரசரும் இல்லை.

வளர்ச்சியைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். கோயில்கள் சுருங்கவும் செய்தன. யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் வாரம் பெர்சி என்ற ஊர் 1500-ஐ ஒட்டிய காலத்தில் ஆளில்லாமல் போனது. நிலத்தை ஆடுகளின் மேய்ச்சலுக்கு விட்டார்கள். மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடைக்காலத்திலும் அந்த ஊரை அகழ்ந்தார்கள். அங்குள்ள புனித மார்ட்டின் கோயில் மரக் கட்டடமாகத் தொடங்கி, சிறிய கல் கோயிலாகி, பக்கக்கூடங்கள் பெற்று விரிந்தது. மக்கள் குறைந்தபின் பக்கக்கூடங்களை இடித்தார்கள்; திறந்திருந்த வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள்; இடித்த கூடத்தின் சன்னல்களை எடுத்து அந்த அடைப்புச் சுவரிலேயே பொருத்தினார்கள். இன்று கூரையின்றி நிற்கும் அந்தக் கோயிலின் வெளிச்சுவரைப் பார்ப்பவருக்கு வளைவுகளும் அவற்றின் வயிற்றில் செருகிய சன்னல்களும் தெளிவாகத் தெரியும். வால்பர்ஸ்விக்கிலும் அதே நிலை. மீன்பிடி நலிந்து 1695-இல் அம்மக்கள் அனுமதி பெற்றுத் தங்கள் பெரிய கோயிலின் பெரும்பகுதியை இடித்தார்கள். பழைய பக்கக்கூடத்தின் ஒரு பகுதியே இன்று அவர்களுடைய கோயில். பக்கத்தில் அந்த ஹெர்ரிங் மீன் கோபுரம் கம்பீரமாக நிற்கிறது.

16-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் சுவரோவியங்களின் மேல் வெள்ளையடித்தது, சிலுவைத் தடுப்புகளை அகற்றியது, கல்பீடங்களை உடைத்தது. அந்த இழப்பு பெரிது. ஆனால் கட்டடத்தின் சாட்சியத்தை அழித்ததில் 19-ஆம் நூற்றாண்டின் பக்திமான்கள்தாம் முன்னே நிற்கிறார்கள் என்பது என் தீர்ப்பு. ரிக்மனின் பாணிப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு, அலங்காரப் பாணியே தூய்மையானது என்று முடிவு கட்டி, அதற்குப் பொருந்தாதவற்றை இடித்து, பொருந்துபவற்றைப் புதிதாகக் கட்டி வைத்தார்கள். உட்சுவரின் பழைய காரையை வெட்டியெடுத்து, கல்லைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினார்கள். கொத்தர்கள் ஒருபோதும் வெளியே தெரிய வேண்டும் என்று நினைக்காத கரடுமுரடான கல்லடுக்கைப் ‘பழமை’ என்று காட்டினார்கள். காரையோடு போனது ஓவியம் மட்டுமில்லை. எந்தச் சுவர் எந்தச் சுவரின்மேல் ஏறியிருந்தது என்ற தடயமும் போயிற்று. எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு எதிராகத்தான். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்றே அதற்குச் செல்லப்பெயர் வந்தது.

பூச்சு எதைக் காப்பாற்றும் என்பதற்கு எஸ்ஸெக்ஸின் ரிவன்ஹால் கோயில் சான்று. 1830-களின் இறுதியில் புதுப்பித்து வெளிப்பூச்சு பூசப்பட்ட அந்தக் கோயிலைப் பார்த்தவர்கள் அதை 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்றே ஒதுக்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் வார்விக் ராட்வெல் அங்கே ஆய்வு செய்தபோது, பூச்சுக்குப் பின்னால் சாக்சன் காலச் சுவரும் சன்னல்களும் ஒளிந்திருந்தன.

அதே ராட்வெல்தான் பார்டனுக்கு வந்தார். அவ்வூரில் புனித பேதுரு கோயிலுக்கு மிக அருகே, சந்தைப் பக்கமாக, துணைக் கோயிலாகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த புனித மரியா கோயில் ஒன்று இருக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் இரண்டு இடைக்காலக் கோயில்களைப் பராமரிக்க ஒரு பங்கால் இயலவில்லை. 1970-களில் புனித பேதுரு கோயிலில் வழிபாடு நின்று அது அரசின் பாதுகாப்புக்கு வந்தது. மக்கள் வழிபடும் கோயிலின் தரையை யாரும் முழுவதும் தோண்ட விடமாட்டார்கள். இங்கே அந்த வாய்ப்புக் கிடைத்தது. 1978 முதல் 1984 வரை உட்தரையையும் சுற்றியுள்ள இடுகாட்டின் ஒரு பகுதியையும் ராட்வெல் குழுவினர் அகழ்ந்தார்கள். தரைக்கு மேலுள்ள சுவர்களையும் கல் கல்லாக வரைந்தார்கள். காணாமற்போன பழைய பீட அறையின் கடைக்கால் வெளிப்பட்டு, கோபுரமே கோயிலாக இருந்த முதல் நிலை ஐயமறத் தெளிவானது.

தரைக்குக் கீழே அவர்கள் பின்பற்றியது ரிக்மனின் தர்க்கத்தையேதான். ஒரு கல்லறைக் குழியைச் சுவரின் கடைக்கால் வெட்டிச் சென்றால் அந்தக் கல்லறை சுவருக்கு முந்தியது. கல்லறை கடைக்காலை வெட்டினால் பிந்தியது. இப்படி ஏறத்தாழ 2,800 மனித எலும்புக்கூடுகள் கட்டடத்தின் ஒவ்வொரு நிலையோடும் பொருத்தி வரிசைப்படுத்தப்பட்டன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இடுகாடு மூடப்பட்ட 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஒரே ஊரின் மக்கள். நிலத்தடி ஈரத்தால் சாக்சன் காலத்து மரச் சவப்பெட்டிகள்கூட மக்காமல் கிடைத்தன. மருத்துவர் டோனி வால்ட்ரன் அந்த எலும்புகளை ஆராய்ந்தார். மூட்டு நோய்கள் நூற்றாண்டுகளின் போக்கில் எப்படி மாறின என்பதை ஒரே இடத்து மக்களிடம் தொடர்ந்து பார்க்க முடிகிற இடங்கள் ஐரோப்பாவில் மிகச் சில. பார்டன் அவற்றில் ஒன்று.

கட்டடக்கலை வரலாற்றில் எலும்புக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கலாம். வடக்குப் பக்கக்கூடத்தைக் கட்டப் பணம் கொடுத்தவர்களும், அதற்குக் கல் சுமந்தவர்களும், அந்தக் கூடம் வந்ததால் தங்கள் பெற்றோரின் கல்லறைகள் சுவருக்கு உள்ளே போய்விட்டதைப் பார்த்தவர்களும் அவர்கள்தாம். சுவரை மட்டும் ஆராய்ந்த காலத்தில் பாணிகளின் வரலாறு நம்மிடம் இருந்தது. பார்டன் அகழாய்வுக்குப் பின் ஒரு கட்டடத்தையும் அதைக் கட்டிய மக்களையும் ஒரே கால வரிசையில் வைத்துப் பார்க்க முடிகிறது. அந்த மக்களையும் ஆய்வாளர்கள் அருங்காட்சியகக் கிடங்குக்கு அனுப்பிவிடவில்லை. 2007-இல் அவர்கள் தங்கள் கோயிலுக்கே திரும்பினார்கள். கோயிலுக்குள் அமைக்கப்பட்ட எலும்பு அறையில், ஆய்வாளர்கள் தொடர்ந்து அணுகும் வகையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். இதைவிடச் சரியான முடிவை யாரும் எடுத்திருக்க முடியாது.

கட்டடக்கலையும் தொல்லியலும் பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பார்டனின் மனித எலும்புகளைப் பற்றிய வால்ட்ரனின் தொகுதி 2007-இலும், கட்டடத்தையும் அகழாய்வையும் பற்றிய ராட்வெல்லின் தொகுதி 2011-இலும் வெளிவந்தன. விலை கூடுதலான நூல்கள். நம் பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றை வாங்கி வைக்க வேண்டும், ஆசிரியர்கள் அதற்குப் பரிந்துரைக்க வேண்டும். படிக்க எடுக்கும் மாணவர்களே, முதலில் உரையை விட்டுவிட்டு, ராட்வெல்லின் தரைவரைபடங்களை மட்டும் வரிசையாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு எந்தச் சுவர் எஞ்சியது, எது மறைந்தது என்று நீங்களே குறித்துப் பாருங்கள். அதன் பிறகு விளக்கத்தைப் படியுங்கள்.